தொண்டை கட்டிய பிள்ளைக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. தையல் மெஷின் மேல் பலகையைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசும்போது நாம் இரண்டு பேரும் எந்த இடத்தில் பர்மியத்துக்குத் தாவுகிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. பர்மியத்தில் எனக்குப் பேரம் பேச வரும், பக்கத்து வீட்டோடு சண்டை போட வரும், இந்த விஷயம் வராது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். படி. மெதுவாகப் படித்தால் கோபமும் மெதுவாகத்தான் வரும். ஞாயிறுதோறும் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தேனே, அதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் திருப்பிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நீ கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு மாதம் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நடத்துகிறவள் உன்னோடு வேலை செய்யும் க்ரேஸ், அவளும் அந்த இனத்தவள். இப்போது சில ஆசிரியர்கள், வரலாறு எல்லோருக்கும் பொதுதானே, ஒரு இனத்துக்கு மட்டும் எதற்கு ஒரு மாதம், நிறுத்திவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர், நிறுத்த வேண்டாம், ஆசியாக்காரர்களுக்கும் ஒரு மாதம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். புதன்கிழமை கூட்டம். உன்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீயோ ஆசிரியர் அறையில், "ஒரு இனத்துக்கு ஒரு மாதம் என்பதெல்லாம் மாறுவேடப் போட்டி" என்று க்ரேஸ் காதில் விழும்படி சொல்லிவிட்டாய். அவள் திரும்பி, "சரி, உன் கதை எந்த மாதத்தில் வந்தது?" என்று கேட்டிருக்கிறாள். நீ மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அவள் உன்னோடு டீ குடிக்க வருவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "நான் அந்த மீட்டிங்குக்கே போகலம்மா. தொண்டை சரியில்லன்னு சொல்லிடப் போறேன்." லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ ரெண்டு தரம் ஹலோ ஹலோ என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே நம் பேட்டை பசுந்தாங்கில் யாரைக் கேட்டாலும் உன் அம்மாவை "உடுப்புக்காரி" என்றுதான் சொல்வார்கள். வருஷம் பூராவும் பாவாடையும் ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்தாலும், ஜனவரி பிறந்துவிட்டால் நம் வீட்டில் வேறு வேலை கிடையாது. பிப்ரவரியில் யூனியன் தினம். பள்ளிப் பிள்ளைகள் பர்மாவின் எட்டுப் பெரிய இனங்களாக வேஷம் கட்டி மைதானத்தில் அணிவகுத்துப் போவார்கள். கச்சினுக்கு வெள்ளி வில்லை பதித்த கறுப்புச் சட்டை, ஷானுக்குத் தொளதொளவென்ற கால்சட்டை, கரேனுக்கு நூல் குஞ்சம் தொங்கும் அங்கி, சின்னுக்குப் போர்வை என்று எட்டும் நம் வீட்டில் தயாராகும். பாதியைத் தைத்து விற்பேன், மீதியை வாடகைக்கு விடுவேன். நம் படுக்கை மேலெல்லாம் எட்டு இனத்தின் மலைகளும் ஆறுகளும் உடுப்புகளாகக் குவிந்து கிடக்கும். நீ தரையில் பாய் விரித்துத் தூங்குவாய். அந்த ஒரு நாளை வைத்துத்தான் உன் பள்ளிக்கூடச் செலவு ஓடியது, அதனால் இன உடைகளைப் பற்றி நான் பேசும்போது ஒரு வியாபாரி பேசுகிறாள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

எட்டு இனத்துக்கும் தைத்தவள் நம் இனத்துக்கு ஒன்றும் தைக்கவில்லை. அந்த எட்டில் நாம் இல்லை. எட்டுக்குக் கீழே சின்னச் சின்ன இனங்களாகப் பிரித்துக்கொண்டே போகும் அரசாங்கப் பட்டியலிலும் இல்லை. உன் தாத்தா இங்கேயே பிறந்து, இந்த ஆற்றங்கரையிலேயே அரிசி மூட்டை சுமந்து, இங்கேயே செத்தவர். ஆனாலும் நாம் வந்தவர்கள்தான். அதனால் யூனியன் தினத்தன்று காலையில், வாடகைக்குப் போகாமல் எந்த உடை மிச்சம் கிடக்கிறதோ அதை எடுத்து உனக்கு மாட்டிவிடுவேன். ஒரு வருஷம் நீ காயா, ஒரு வருஷம் மோன், ஒரு வருஷம் ஷான். சின்ன வயதில் உனக்கு அது பிடித்தும் இருந்தது. ஷான் கால்சட்டையில் நீ போட்ட ஆட்டத்தைப் பார்த்து மாடிவீட்டு ஆயா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஒன்பது வயதில்தான் கேட்டாய். நான் குனிந்து பித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இதுல நம்மளுது எது?" என்றாய். நிமிராமலேயே சொன்னேன்: "நம்மளுதுன்னு ஒண்ணும் கெடையாது. இருக்கறதுல எது அளவு சரியா இருக்கோ அதப் போட்டுக்க." ஈஸி சேரில் கிடந்த உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏ புள்ள, ஏன் கெடையாது? பையனுக்கு ஒரு வேட்டி கட்டி, நெத்தியில துண்ணூறு பூசி அனுப்பு. எட்டோட ஒம்போதா நடக்கட்டும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊரே காலா, வந்தேறி இந்தியன்னு கத்திச் சிரிக்கும். சும்மா கெடங்க." பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பட்டியலில் இல்லாதவன் வாயைத் திறந்தால் இருக்கிற இடமும் போய்விடும் என்று பயந்தே வளர்ந்தவள் நான்.

அந்த வருஷம் மிச்சமிருந்தது சின் போர்வை. மற்றதெல்லாம் நான் காலண்டர் படத்தைப் பார்த்துத் தைத்தவை. அது மட்டும் அசல். மலையிலிருந்து வந்த ஒரு நெசவுக்காரம்மாவிடம் வாங்கினது, கருஞ்சிவப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அதை உன் தோளில் சுற்றிவிட்டேன். நீ மைதானத்தில் இனத்தின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய், உன் வகுப்பு ஆசிரியை சயாமா மைக்கில் சின் மக்களைப் பற்றி ரெண்டு வரி படித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. கூட்டம் கலையும்போது அந்த மனிதர் வந்தார். வேறு ஏதோ வகுப்புப் பையனின் அப்பா. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. குனிந்து போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க பக்கத்துக் கோடு இது! எந்த மலைடா தம்பி நீ?" என்று பர்மியத்தில் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அவர் அதற்குள் தன் பாஷைக்கு மாறிவிட்டார். என்னென்னவோ கேட்டார். எவ்வளவு நாளாக அந்தப் பாஷையை யாரிடமும் பேசாமல் இருந்தாரோ, கொட்டித் தீர்த்தார். நீ வாயைத் திறக்கப் போனாய். என்ன சொல்ல இருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் முந்திக்கொண்டு, "பையனுக்குத் தொண்டை கட்டியிருக்கு அண்ணே. ரெண்டு நாளாப் பேச்சே வரல" என்றேன்.

அவர் நம்பினார். ஐயோ பாவம் என்று உன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் நீ பேசவில்லை. விளையாட்டுக்குத்தான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் பேசவில்லை. ரெண்டு நாள் என்று நான் சொன்னேன் இல்லையா, அந்தப் பொய்யை நீ ஒழுங்காக நடத்திக் காட்டினாய். ரெண்டாம் நாள் சாயங்காலம் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து இந்தத் தையல் மெஷின் மேல் வைத்தாய். மலைத்தேன். தொண்டை கட்டிய பையனுக்குக் கொடுங்கள் என்று அவர் சயாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீ அதைத் தொடவே இல்லை. போய் அவரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று உன் அப்பா சொன்னார். எனக்கு வெட்கம். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தக் குடும்பம் வேறு பேட்டைக்குப் போய்விட்டது. தேனை மழைக்காலத்தில் உன் அப்பாவின் இருமலுக்குக் கொடுத்துத் தீர்த்தேன், வீணாக்கக் கூடாது என்று.

அதற்குப் பிறகு நீ ஒரு யூனியன் தினத்துக்கும் போகவில்லை. அன்று காலையில் உனக்குத் தவறாமல் தொண்டை கட்டும். நானும் ஒரு வார்த்தை கேட்காமல் இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுப்பேன். ஆக, போனில் நீ அந்தச் சாக்கைச் சொன்னபோது, அது யார் கடைச் சரக்கு என்று எனக்குத் தெரியாதா?

இனங்களுக்கு நாள் ஒதுக்குவது மாறுவேடப் போட்டி என்று நீ சொல்வதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. நானும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் தைத்தவள் சொல்கிறேன், கேள். அந்த ஒரு நாள் கச்சின் சட்டைக்குக் கை தட்டியவர்கள் மறுநாள் கச்சின் பையனை அவன் பர்மியம் பேசும் அழகைச் சொல்லிக் கேலி செய்வார்கள். உடுப்பு என்னிடம் திரும்பி வந்துவிடும், துவைத்து மடித்து வைத்துவிடுவேன், அவ்வளவுதான். பட்டியல் போட்டால் பட்டியலுக்கு வெளியே ஒருவன் நிற்கத்தான் செய்வான், அது நாமாகத்தான் இருந்தோம். உன் பள்ளியில் ஆசியாவுக்கு என்று ஒரு மாதம் கொடுத்தாலும், அதற்குள் பர்மாவில் பிறந்த தமிழனுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? அதையும் யோசித்தேன். இந்தியாக்காரர்கள் நம்மைப் பர்மாக்காரர்கள் என்பார்கள், பர்மாக்காரர்கள் இந்தியாக்காரர்கள் என்பார்கள். உனக்கு மறுபடியும் மிச்சம் கிடந்த உடுப்புதான்.

ஆனால் மறுபக்கமும் எனக்குத் தெரியும், தம்பி. உனக்கும் தெரியும், மறந்ததுபோல் இருக்கிறாய். எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்தில் நாம் வந்தோமே, ஞாபகமிருக்கிறதா? வருஷம் முழுக்கப் புரட்டினாலும் ஒரே ஒரு பாடத்தில், குடியானவர்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட அந்நியர்களாக வந்தோம். வகுப்பே திரும்பி உன்னைப் பார்த்தது என்று சொன்னாய். வீட்டுக்கு வந்து, "நம்ம தாத்தா யாரு நெலத்தம்மா புடுங்குனாரு?" என்று கேட்டாய். "உங்க தாத்தாவுக்குக் காலை நீட்டிப் படுக்க எடமில்ல, போய்ச் சோத்தத் தின்னு" என்று துரத்திவிட்டேன். பொதுவான வரலாறு, எல்லோருக்குமான வரலாறு என்று உன் பள்ளியில் சொல்கிறார்களே, இங்கே எங்களுக்குக் கிடைத்ததும் எல்லோருக்குமானதுதான். அதில் நமக்குக் கொடுத்த இடம் அவ்வளவு. க்ரேஸுக்குக் கொடுத்த இடம் எவ்வளவு என்று அவளைக் கேட்டாயா?

அன்றைக்கு உன்னைத் துரத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. தாத்தா மூட்டை சுமந்தார் என்பது தெரியும். உலகச் சண்டைக் காலத்தில் நம் ஆட்கள் எல்லோரும் காட்டு வழியாக நடந்து இந்தியாவுக்குப் போனபோது பாதி வழியில் திரும்பி வந்தவர் என்பது தெரியும். ஏன் திரும்பினார், யாரை வழியில் விட்டுவிட்டு வந்தார் என்று தெரியாது. பின்னால் அரசாங்கம் விரட்டி எத்தனையோ பேர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும் ஏன் ஏறவில்லை என்றும் தெரியாது. அவர் நம் வீட்டு வாசலில் பீடி குடித்துக்கொண்டு எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து எட்டு இனத்துக்கும் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். கச்சின் சட்டையில் எந்த வில்லை எங்கே வரவேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், பெற்ற தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கு நம் ஆட்களுக்கு ஒரு மாதம் கொடுக்கிறோம், வந்து நிரப்புங்கள் என்று யாராவது என்னைக் கூப்பிட்டால், அரை மணி நேரத்தில் எனக்குச் சரக்கு தீர்ந்துவிடும். மாதம் வேண்டாம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தப் பயம்தானோ என்று எனக்குச் சந்தேகம். உன் மனதைத் தொட்டுச் சொல்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்த ஞானம் இல்லை. போன மழைக்காலத்தில் கியாக்டடா பேட்டையில் பாங்கு வாசல் வரிசையில் நின்றபோது உன் பழைய சயாமாவைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, ஆனால் கன்னத்தில் அரைத்துப் பூசிய தனாக்காப் பட்டை அதே வட்டமாக இருந்தது. உன்னை விசாரித்தார். பேச்சுவாக்கில், "அந்தத் தேன் பாட்டில் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். உன் தொண்டையில் ஒன்றுமில்லை என்று சயாமாவுக்கு அன்றைக்கே தெரியுமாம். மழையும் வலுத்தது, வரிசையும் நகரவில்லை, நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "சயாமா, அன்னைக்கு நான் வந்து, என் பையன் வேட்டி கட்டி எங்க ஆளாவே நடக்கட்டும்னு கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் உடனே, அதெல்லாம் விட்டிருப்பேன் என்று சொல்லவில்லை. நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாது. குடையை இரண்டு தரம் மடக்கிப் பிரித்துவிட்டு, "முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "எனக்கு மேல இருந்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஆனா நீங்க கேட்டிருந்தா, முடியாதுங்கற வார்த்தைய நான் உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவன் மொகத்தையும் பாத்து. அதுக்கப்பறம் வருஷா வருஷம் அந்த மைக்கப் புடிச்சு நான் நிம்மதியாப் படிச்சிருக்க மாட்டேன். நீங்க யாருமே கேக்கல, அதனால எனக்கு ஒண்ணும் தோணல." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முறை வந்ததும் அவர் ஒரு ஜன்னலுக்குப் போனார், நான் ஒரு ஜன்னலுக்குப் போனேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது, சரி. ஆனால் நீ மைதானத்து ஓரத்தில் உன் சொந்த வேட்டியோடு, உனக்கு இடமில்லை என்று தெரிந்தே நின்றிருப்பாய். யாரோ ஒருவருடைய ஊரைத் தோளில் சுற்றிக்கொண்டு, அவர் அன்பைத் திருடினவன்போல் நின்றிருக்க மாட்டாய். அந்த மனிதரும் வந்து, "நீ யாருடா தம்பி?" என்று கேட்டிருப்பார். நீ சொல்லியிருப்பாய். உன் குரலிலேயே சொல்லியிருப்பாய். அதை நான்தான் கெடுத்தேன். கெடுத்தேன் என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும், நீ இங்கே இருந்தபோதே உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ராணுவத்துக்குப் பயந்து பிள்ளைகளெல்லாம் நாட்டை விட்டுக் கிளம்பிய அந்த நாட்களில் நீயும் அவசரமாகக் கிளம்பினாய், விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டில் ஒழுகுமா ஒழுகாதா என்று பேசியே நேரம் போய்விட்டது. நீ திரும்பி வருவாய் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன், இனி எப்போது வருவாய் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

க்ரேஸ் கேட்டுவிட்டாள், தம்பி. நான் பள்ளிக்கூடத்தில் கேட்காத இடத்தை அவள் அங்கே கேட்டுவிட்டாள், அவளுக்கு முன்னால் அவள் ஆட்களில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் அந்த மாதம் கிடைத்தது. ஒரு மாதம் போதாது என்பாய். எனக்கும் அது தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். போதாத ஒன்றை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மல்லுக்கட்டுகிறவளிடம் போய், இது வெறும் வேஷம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவளுடைய மாதத்தின் மேல் உனக்கு என்ன கோபம்? உன் கோபம் அந்தச் சின் போர்வையின் மேல். என் மேல். அதை அவள் தலையில் கட்டாதே. என் கணக்கு என்னோடு இருக்கட்டும்.

எப்படிப் பேசவேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன். படித்தவன் நீ. எனக்கே இன்னும் ஒரு முடிவு வரவில்லை, ஒரு நாள் வேண்டும் என்று தோன்றுகிறது, மறுநாள் வேண்டாம் என்று தோன்றுகிறது. யோசித்துவிட்டு, மாதமெல்லாம் வேண்டாம், வருஷம் முழுக்க எல்லோர் கதையும் பாடத்தில் வரட்டும் என்றே நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அதை க்ரேஸின் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்வதற்கு முன்னால் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பசுந்தாங்கில் ஒரு பையன் சின் போர்வை போட்டு நடந்த கதையைச் சொல். உன் அம்மா என்ன செய்தாள் என்பதையும் மறைக்காமல் சொல். உன் கதை எந்த மாதத்தில் வந்தது என்று கேட்டாளே, அவளுக்கு நீ அந்தப் பதிலாவது கடன்பட்டிருக்கிறாய்.

அந்தப் போர்வை இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அதை வாடகைக்கு விடவில்லை. சின்னப் பிள்ளைகள் வந்து கேட்டால் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். அந்த மனிதரை எங்கேயாவது பார்த்தால் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், பார்க்கப்போவதில்லை என்றும் தெரியும்.

புதன்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போ. உன் தொண்டைக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா